ஆட்டிசம் யாருடைய குற்றம்?



மண்ணாடிப்பட்டு, திருக்கனூர், மதகடிப்பட்டு பக்கத்து ஊர்களில் வீடு சந்திப்புக்குப் போகும்போது, எங்காவது ஒரு வீட்டில் இப்படி ஒரு குழந்தையைப் பார்க்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. விளையாட்டு வண்டியை ஓட்டாது, கவிழ்த்து வைத்துச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். அந்த வீட்டில் மூன்று விதமான பேச்சு காதில் விழும். "அவனுக்கு எல்லாம் தெரியும் சாமி, வேணும்னே நடிக்கிறான்" என்பார் தாத்தா. "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு ராத்திரி பகலா டி.வி. பாத்தா, அதான்" என்று மருமகளைக் காட்டுவார் மாமியார். "செல்லுல கேட்டுப் பாத்தேன் சாமி, ஊசி போட்டதாலகூட வருமாம்" என்பார் தகப்பன். பிள்ளையைப் பெற்றவள் மட்டும் பேசாமல் நிற்பாள்.

நடிப்பு, காரணம், செயற்கை நுண்ணறிவு என்ற இந்த மூன்று பேச்சையும் பற்றித்தான் இந்த வாரச் சிந்தனை.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன? அது ஒட்டிக்கொள்ளும் நோயன்று, பேய் பிடித்ததும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் ஒரு வேறுபாடு. தமிழில் மதியிறுக்கம் என்றும் புறஉலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் எழுதுகிறார்கள். இரண்டு சொற்களும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் புற உலகை நம்மைவிட அதிகமாகவே உணர்கிறார்கள். குக்கர் விசிலும் குழல்விளக்கின் சிமிட்டலும் அவர்களைக் குத்துகின்றன. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியானால் ஓர் ஊர்ப் பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இருப்பார்கள்.

"நடிக்கிறான்" என்ற பேச்சுக்கு வருவோம். நேற்று சொன்ன சொல்லை இன்று சொல்லவில்லை, அம்மாவிடம் கேட்டதை ஆசிரியரிடம் கேட்கவில்லை என்பதால் இந்தச் சந்தேகம் எழுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் திறமை இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறுவது ஆட்டிசத்தின் இயல்பு. உண்மையில் நடிப்பு நடப்பது வேறு இடத்தில். பேசத் தெரிந்த, படிப்பில் கெட்டிக்காரர்களான ஆட்டிசம் உள்ள பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். எப்போது சிரிக்க வேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும், "சாப்பிட்டீங்களா" என்று எப்போது கேட்க வேண்டும் என்றெல்லாம் கூத்து வாத்தியாரிடம் அடவு பயில்வதைப் போலப் பயில்கிறார்கள். பள்ளியில் நாள் முழுதும் இந்த வேடம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து விழுகிறார்கள் அல்லது வெடித்து அழுகிறார்கள். "பள்ளிக்கூடத்துல நல்லாத்தான இருக்கா, வீட்டுலதான் ஆட்டம்" என்று தாய்க்கு அதற்கும் பழி வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருப்பது பல ஆண்டுகள் தாமதமாகவே தெரியவருவதற்கு இந்த வேடமும் ஒரு காரணம்.

அதே நடிப்பை மகிழ்ச்சியோடு கற்றுக்கொடுத்தால் பயன் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த பரசுராம் ராமமூர்த்தி, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ‘வேள்வி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நாடகத்தையும் முகமூடியையும் பயிற்சியாக்கினார். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கக் கூசும் பிள்ளை முகமூடியைக் கூச்சமின்றிப் பார்க்கும் என்பது எவ்வளவு எளிய கண்டுபிடிப்பு! சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989இல் தொடங்கிய ‘ரஸா’ அமைப்பு, ஆடல், பாடல், நாடகம் வழியாகச் சிறப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவருகிறது. அமெரிக்காவில் 30 இளையோரைக் கொண்டு செய்யப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நாடகப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் முகங்களை நினைவில் வைப்பதிலும் சேர்ந்து விளையாடுவதிலும் முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாஸ்கா நாடகம் போடும் நம் ஊர்களில் இத்தகைய பிள்ளைக்கு ஒரு சிறு வேடம் கொடுக்க இது போதுமான காரணம்.

இனி, பெரிய கேள்வி: காரணம் என்ன?

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் விசாரிப்பது யார் செய்த பாவம் இது என்பதைத்தான். இவருடையதா, பெற்றோருடையதா? இயேசு இரண்டையும் மறுக்கிறார். மருத்துவ உலகமும் சில காலம் இந்தச் சீடர்களைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து, ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதினார். பிறவியிலேயே வருவது என்று எழுதியவரே, பெற்றோர் பாசமற்றவர்களாக இருப்பதாகவும் குறிப்பிட்டுவிட்டார். அந்தப் பொறி பெருந்தீயானது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்’ என்று பெயர் சூட்டி, பெற்றவளின் அன்புக் குறைவே காரணம் என்றார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் இதை ஒரு புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். எத்தனை தாய்மார் எத்தனை இரவுகள் அழுதிருப்பார்கள்! 1969இல் பெற்றோர்களின் கூட்டம் ஒன்றில் கானர், பெற்றோர் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

சான்று 1977இல் வந்தது. லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இருவகைச் சோடியும் ஒரே தாயிடம் வளர்ந்தவையே. ஆகவே வித்தியாசம் வளர்ப்பில் இல்லை, மரபணுவில் இருந்தது. பின்னர் ஐந்து நாடுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 80 விழுக்காட்டளவு மரபணு சார்ந்தது என்று கணித்தது.

மரபணு என்றதும் "யார் வழி? அம்மா வழியா, அப்பா வழியா?" என்று அடுத்த விசாரணையைத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை இதில் தொடர்புடையவை. சில மாற்றங்கள் தாயிடமும் இல்லாமல் தந்தையிடமும் இல்லாமல் கருவிலேயே புதிதாகத் தோன்றுகின்றன. பெற்றோரின், குறிப்பாகத் தந்தையின், அதிக வயது, மிகக் குறைமாதப் பிறப்பு ஆகியவை வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. வலிப்பு நோய்க்கான வால்புரோயேட் மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொள்வதும் அப்படியே. (அதற்காக வலிப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.) டி.வி. பார்த்தது, கிரகணத்தில் வெளியே போனது, மாமியாரை எதிர்த்துப் பேசியது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

தடுப்பூசியும் இல்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து. 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. பின் ஏன் பலர் "ஊசிக்கு அப்புறம்தான் பேச்சு நின்னுச்சு" என்கிறார்கள்? ஒன்றரை வயதை ஒட்டி அந்த ஊசியின் இரண்டாம் தவணை போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பளிச்சென்று தெரிவதும் அதே வயதில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

2017 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழகத்திலும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பல பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கியது நினைவிருக்கலாம். இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவுக்குப் பிறகு ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவர் கண்டறிந்து, 1971இல் எழுதினார். ஆட்டிசத்துக்கு அஞ்சி எந்த ஊசியைத் தவிர்த்தார்களோ, அந்த ஊசி ஆட்டிசத்தின் ஒரு காரணத்தையே தடுக்கிறது!

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாரசிட்டமால் சாப்பிட வேண்டாம் என்றார். சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வு, உடன்பிறந்தாரை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தகைய தொடர்பைக் காணவில்லை. கர்ப்பிணிக்குக் கடும் காய்ச்சலை விட்டுவைப்பதே ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடலாம்.

மூன்றாவது, "செல்லில் கேட்டேன்" என்ற பேச்சு. இன்று தமிழிலேயே பதில் சொல்லும் உரையாடல் செயலிகள் எல்லார் கையிலும் இருக்கின்றன. அவை மருத்துவம் படித்தவை அல்ல. மலைமலையாக எழுத்தை உள்வாங்கி, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுகின்றன. பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறானாலும் அதே தெளிவோடு, அதே பரிவோடு வரும் என்பதுதான் சிக்கல். "ஊசியாலதான வந்துச்சு?" என்று சாய்த்துக் கேட்டால், கேட்டவர் பக்கம் சாயும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர், மனநல ஆலோசகர் போலக் கேள்வி கேட்கும் ‘எலைசா’ என்ற சிறு நிரலை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. அது வெறும் நிரல் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம்! உள்ளே ஒன்றுமின்றிச் சரளமாகப் பேசும் கருவியை இவ்வளவு எளிதில் நம்புகிற நாம், பேச்சு வராத பிள்ளைக்குள் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிறோம்.

கருவியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் பிள்ளை படத்தைத் தொட்டால் அது குரலாகிறது. பேச்சு வராத எத்தனையோ பிள்ளைகள் "தண்ணி வேணும்" என்று முதன்முறை சொன்னது இத்தகைய கருவியால்தான். கேலிக்கு அஞ்சாமல் உரையாடலை ஒத்திகை பார்க்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் ஆட்டிசம் உள்ள இளைஞர்களும் உண்டு. ஆனால் காரணம் தேடி நள்ளிரவு வரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன், காலையில் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போகாவிட்டால் என்ன பயன்?

ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், ஒரு சொல்லும் வராவிட்டால், வந்த பேச்சு நின்றுபோனால் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஆயாவின் ஆறுதல் ஓராண்டை விழுங்கிவிடும். முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். பிறகு புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. முற்றிலும் குணமாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சை செய்வது கூடாதென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல் பயிற்சி, பொறுமை ஆகியவையே பலன் தருகின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டிருப்பதால் சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். அதை வைத்து, தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. விண்ணப்பம் எழுதத் தயங்குபவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். திருவிழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பக்கம் ஒலிபெருக்கியைக் கட்ட வேண்டாம். தேர் அந்தத் தெருவைக் கடக்கும்வரை வெடியையும் நிறுத்தி வையுங்கள்.