பாலம் அடைபட்டால் எவ்வழி செல்வார்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. கோடையில் வறண்ட ஆற்று மணலில் இறங்கி அக்கரை சேர்பவர்கள், மேட்டூர் அணை திறக்கப்பட்டு நீர் வந்ததும் பாலத்தைச் சுற்றிச் செல்கின்றனர். ஒரு வழி அடைபட்டால் மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் இத்திறனை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் சில முதியவர்களிடம் மறதிநோயின் தொடக்கம் இத்திறனின் குறைவாகவே வெளிப்படுகிறது.

மூளை இரு முறைகளில் வழியை அறிகிறது. ஒன்று பழக்கம். "கோயில் வாசலில் இடப்புறம், ரேஷன் கடையைத் தாண்டி வலப்புறம்" என்று கால்கள் தாமாகவே திரும்பும். மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்னும் பகுதிக்கு இதில் முக்கியப் பங்குண்டு. மற்றொன்று மனவரைபடம். பெரிய கோயில் விமானம் தொலைவில் தெரிந்தவுடன், நாம் எங்கு நிற்கிறோம், மேலவீதி எப்பக்கம் என்று உணர்வது இதனால்தான். இதற்கு அடிப்படை ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியும் அதையொட்டிய புறணியும் ஆகும். இடத்தை உணரும் நரம்பணுக்களை அங்குக் கண்டறிந்த ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருக்கு 2014-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நலமுள்ளவர்களும் எப்போதும் மிகக் குறுகிய வழியைத் தேர்வதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் 14,000-க்கும் மேற்பட்டோரின் நடைப்பாதைகளை ஆராய்ந்த முடிவுகள் 2021-இல் வெளியாயின. சேருமிடத்தை நேராக நோக்கிச் செல்வதுபோல் தோன்றும் தெருவையே மக்கள் விரும்புகின்றனர் என்றும், அதனால் போகும் வழியும் திரும்பும் வழியும் வேறுபடுகின்றன என்றும் அது காட்டியது. ஆகவே, உங்கள் தந்தையார் தெற்கு வீதி வழியே சென்று வேறு வீதி வழியே திரும்பினால் கவலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. அல்ஜைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதையொட்டிய பகுதியையும் முதலில் தாக்குகிறது. மனவரைபடம் மங்கினாலும் பழக்கம் சில காலம் நிலைத்திருக்கும். "தினமும் தனியாகத்தான் கோயிலுக்குப் போய் வருகிறார்" என்று குடும்பத்தார் நிம்மதியாக இருப்பார்கள். சதய விழாவுக்காக வீதி அடைக்கப்படும் நாளில், அல்லது பழைய பேருந்து நிலையத்துக்குப் பதிலாகப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும் நாளில் அவர் திகைத்து நிற்பார். தெருவின் பெயரை மறப்பது முதுமையில் இயல்பு. தெரிந்த ஊரில் மாற்று வழி காண முடியாமல் மீண்டும் மீண்டும் தடுமாறுவது இயல்பன்று.

அவ்வாறு கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், பார்வைக் குறைவு ஆகியவையும் இத்தகைய தடுமாற்றத்தை உண்டாக்கலாம். இவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை. எப்போது, எந்த இடத்தில் தடுமாறினார் என்று குறித்து வருவது நோயறிய உதவும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரெனத் திசை குழம்பினால் அது அவசர நிலை. பக்கவாதமோ, சர்க்கரை தாழ்வதோ, நோய்த்தொற்றோ காரணமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியுள்ளவர்களுக்குப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

மறதிநோய் உறுதியானாலும் அவரை வீட்டில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. ஒரே வழியில், ஒரே நேரத்தில், துணையோடு நடக்கச் செய்யுங்கள். எஞ்சியிருக்கும் பழக்கம் அவருக்குக் கைகொடுக்கும். சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். அண்டை வீட்டாரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள். அவரைக் காணவில்லையெனில் உடனே காவல்துறைக்குத் தெரிவித்து, அருகிலுள்ள வாய்க்கால், குளம், ஆற்றங்கரைகளை முதலில் தேடுங்கள். நம் பகுதியில் நீர்நிலை எப்போதும் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. திரும்பி வந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வழி தவறியது அவரது கவனக்குறைவன்று, நோயின் செயல்.