கானாவைத் தேடி வந்த கிதார்

வடசென்னையில் கானா ஒரு காலத்தில் சாவு வீட்டுப் பாட்டு. பந்தலுக்குக் கீழே விடிய விடியப் பாடுவார்கள். செத்தவரின் பேரும் குணமும் பாட்டில் ஏறும். சடையங்குப்பம் தொடங்கி ராயபுரம் வரை துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த எத்தனையோ பேரின் வரலாறு, அப்படிப் பாடியவர்களின் தொண்டையில்தான் இருந்தது. அதே சென்னையில் ராக் என்றால் கல்லூரி விழா, ஆங்கிலப் பாட்டு. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

1990-களில் இசையமைப்பாளர் தேவா கானாவைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தால் கானா உலகநாதன் ஊரறிந்த பாடகரானார். ஆனாலும் சினிமா கானாவிடம் பெரும்பாலும் கொண்டாட்டத்தையே கேட்டது. கோபத்துக்கு அங்கே இடம் குறைவு.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானத்தில் அந்தக் கோபம் மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து வந்த பெயர் அது. அதே ஆண்டு ‘மகிழ்ச்சி’ ஆல்பம் வெளியானது. இட ஒதுக்கீடும் அம்பேத்கரும் வடசென்னையும் அதில் பாட்டாயின.

1960-களின் கடைசியில் கிங் கிரிம்சன் போன்ற இங்கிலாந்துக் குழுக்கள் ஜாஸையும் செவ்வியல் இசையையும் சேர்த்து ராக்கின் எல்லையை விரித்தன. அதற்கு ப்ராக்ரெசிவ் ராக் என்று பேர் வந்தது. ‘மகிழ்ச்சி’யை அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்பேன். குழுவில் பறையடிப்பவரைக் கவனியுங்கள்: ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. காய்ச்சி முறுக்கேற்றிய தோலில் இரண்டும் மாறி மாறி விழும்போது, டிரம்ஸும் கிதாரும் அதன் நடைக்கு வந்துதான் ஆகவேண்டும். ராக்கின் எல்லை இங்கே சேரியின் தாளத்தால் விரிந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. குழுவின் பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு ‘மார்கழியில் மக்களிசை’ விழா தொடங்கியது. 2021-இல் அதே குழுவில் பாடிய அறிவின் குரல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வழியாக உலகெங்கும் கேட்டது. பாடியவர்களைத் தெரிந்துகொண்டோம், அவர்கள் சேர்ந்து செய்த ஆல்பத்தை மறந்துவிட்டோம்.

மண்ணின் நிலைமைதான் மாறவில்லை. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலையாறு பெருகிச் சடையங்குப்பம் தத்தளிக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. பாட வேண்டிய சேதி இங்கே ஏராளம். பாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கீழ்ப்பாக்கம் வரை போகாமல், சொந்த ஊரிலேயே பழகவும் பதிவுசெய்யவும் ஒரு கூடம் வேண்டும். ‘மகிழ்ச்சி’ திறந்த வழியில் அடுத்த ஆல்பம் சடையங்குப்பத்திலிருந்தே வரட்டும்.