திரும்பாத விமானங்கள் – 9: சட்டைக் காலரில் ஓர் எண்

படைப்பிரிவின் பதிவேட்டில் ஒரே வரியில் முடிந்துபோன எல்.டபிள்யூ. 682 என்ற ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். 1944 மே 12 இரவு கிளம்பியது, எட்டுப் பேர், திரும்பவில்லை. பெல்ஜியத்துச் சதுப்புநிலம் ஒன்றில் விழுந்தது.

இந்த வாரம் அந்தச் சதுப்புநிலத்தில் இறங்குவோம் என்று எழுதியிருந்தேன். இறங்கத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சட்டைக் காலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு அந்தத் தகவல் கண்ணில் பட்டதிலிருந்து வேறெதிலும் மனம் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை பிரதி கொடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் காலரே முன்னால் வந்து நிற்கிறது.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்கில் காணாமல் போனவர்கள் ஏறக்குறைய 42,000 பேர். அவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு இயங்கியது. காணாமல் போனோர் ஆய்வு, விசாரணைப் பிரிவு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சின்னச் சின்னக் குழுக்களாக ஜீப்பில் ஏறி பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி என்று ஊர் ஊராகப் போனார்கள். மேயர், பாதிரியார், வெட்டியான், அந்த இரவில் தூங்காமல் ஜன்னலோரம் நின்ற கிழவி என்று எல்லோரையும் விசாரித்தார்கள். எந்தத் தேதியில் எந்த வயலில் விமானம் விழுந்தது, எத்தனை உடல்கள், யார் புதைத்தார்கள், எங்கே? பதில் கிடைத்த இடத்தில் மண்ணைத் தோண்டினார்கள்.

தோண்டினால் என்ன கிடைக்கும்? கழுத்தில் அடையாள வில்லை இருக்குமே என்று நினைப்போம். இங்கேதான் சிக்கல். பிரிட்டிஷ் படையினரின் வில்லைகள் உலோகத்தால் ஆனவை அல்ல. நாரை அழுத்திச் செய்தவை. பச்சை நிறத்தில் எண்கோண வில்லை ஒன்று, சிவப்பு வட்ட வில்லை ஒன்று. தீயில் அவை எரிந்துவிடும். ஈர மண்ணில் சில வருடங்கள் கிடந்தால் மட்கிவிடும். பெட்ரோலும் குண்டும் சுமந்து வந்து எரிந்து விழுந்த விமானத்துக்குள் அந்த நார் வில்லையால் எவ்வளவு காலம் பெயரைக் காப்பாற்ற முடியும்?

உலோகம் நின்றது. எஞ்சினில் எண் இருந்தது, இயந்திரத் துப்பாக்கியில் எண் இருந்தது. அதை எழுதி லண்டனுக்கு அனுப்பினால், எந்த எஞ்சின் எந்த விமானத்தில் பொருத்தப்பட்டது என்று பதிவேட்டில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். விமானம் தெரிந்தால் அன்றிரவு அதில் ஏறியவர்களின் பட்டியல் கைக்கு வரும். உதாரணமாக, ஏழு பெயர்கள், ஏழு உடல்கள். ஆனால் எந்த உடலுக்கு எந்தப் பெயர்? எஞ்சின் எண் அதைச் சொல்லாது. சொல்ல முடியாத இடங்களில் எல்லோரையும் சேர்த்து ஒரே கல்லறையில் வைத்தார்கள். அப்படிப்பட்ட கூட்டுக் கல்லறைகள் ஐரோப்பா முழுக்க இருக்கின்றன.

பிரித்துச் சொன்னவை சின்னப் பொருட்கள். மோதிரம், சிகரெட் பெட்டி, பல் மருத்துவரின் குறிப்பேடு, பூட்ஸுக்குள் மையால் எழுதிய பெயர். கூடவே, நான் திரும்பத் திரும்பப் படித்த அந்த வரி: சட்டைக் காலரின் உட்புறத்தில் சலவைக் குறி.

நம்மூர் டோபி மார்க்கேதான்!

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை அழுக்கெடுக்க வந்த அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுத் துணிக்கு ஒரு புள்ளியும் இரண்டு கோடும். எதிர்வீட்டுக்கு மூன்று புள்ளி. கோடி வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. சேங்கொட்டையின் பாலைத் தொட்டு வேட்டி முனையில் குறி வைப்பார். சுண்ணாம்பு சேர்ந்ததும் அது கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு வெள்ளாவியில் வைத்தாலும் கல்லில் அடித்தாலும் துணிதான் கிழியும், குறி போகாது. பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அவர் விரல் நுனிகளில் எப்போதும் அந்தத் தழும்பு இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் நாற்பது வீட்டுக் குறிகளும் மனப்பாடம். ஒருமுறை கல்யாண வீட்டில் யாரோ மாற்றி உடுத்திப் போன என் தாத்தாவின் அங்கவஸ்திரத்தை, இரண்டு மாதம் கழித்து வேறொரு வீட்டு அழுக்கு மூட்டையிலிருந்து உருவிக் கொண்டுவந்து கொடுத்தார். “இது உங்க வீட்டுதுங்கய்யா” என்றார், அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் அதுதான் நடந்திருக்கிறது. விமானத் தளத்தில் இருந்த இளைஞர்களின் சட்டைகள் வெளுக்கப் போயின. நூற்றுக்கணக்கான நீலச் சட்டைகள், எல்லாம் ஒரே மாதிரி. மாறிப் போகாமல் இருக்க ஓர் எழுத்து, சில எண்கள். அதைக் குறித்தவர்களுக்கு அன்றைய வேலை முடிந்தால் போதும். சட்டை சரியான ஆளிடம் திரும்ப வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். மூன்று வருடம் கழித்து ஒரு ஜெர்மன் வயலில் தோண்டியெடுத்த துணித் துண்டைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, அந்த எழுத்தையும் எண்ணையும் ஓர் அதிகாரி தன் நோட்டில் எழுதிக்கொள்வார் என்று அவர்கள் நினைத்திருக்கவே முடியாது. காலர்ப் பட்டை இரட்டைத் துணி. மேலே தோல் ஜாக்கெட் வேறு. உடம்பின் மற்ற இடத்தில் துணி போனாலும் அது தங்கியது. அடையாளத்துக்கென்றே செய்த வில்லை அழிந்துபோக, அழுக்குக் கணக்குக்காகப் போட்ட குறி ஒருவனுடைய பெயரை அவன் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விமானம் திரும்பாத மறுநாளே, அதில் போனவர்களின் அறையைக் காலி செய்ய அதிகாரிகள் வந்துவிடுவார்கள். உடைமைகளைப் பட்டியலிட்டு, குடும்பத்துக்கு வேதனை தரக்கூடிய கடிதங்களையும் படங்களையும் விலக்கிவிட்டு, மிச்சத்தைக் கட்டி அனுப்புவது அவர்கள் வேலை. மாலைக்குள் கட்டிலில் புது ஆள் படுத்திருப்பான். அறையில் பெயர் அழிந்த அதே வாரத்தில் வெளுக்கப் போன அவன் சட்டைகள் மடித்துத் திரும்பி வந்திருக்கும் அல்லவா? யார் வாங்கி வைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சரி, சதுப்புநிலத்துக்கு வருவோம்.

எல்.டபிள்யூ. 682 கனடிய விமானப்படையின் 426-வது பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் லின்டன்-ஆன்-ஊஸ் தளத்திலிருந்து கிளம்பியது. பெல்ஜியத்தின் லூவன் நகர ரயில் நிலையத் தண்டவாளங்களை உடைக்க வேண்டும். நார்மண்டி தரையிறக்கத்துக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை, ஜெர்மானியப் படை ரயிலில் நகர முடியாமல் செய்வது நோக்கம். ஜெர்மானிய இரவுநேரப் போர்விமானம் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. கெரார்ட்ஸ்பெர்கன் ஊருக்கு அருகே, டென்டர் ஆற்றோரச் சேற்றில் விழுந்தது.

ஐந்து உடல்களை ஜெர்மானியர்கள் எடுத்து அந்த ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மூன்று பேரை எடுக்க முடியவில்லை. விமானம் சேற்றுக்குள் புதைந்து போயிருந்தது. அவர்கள் அதற்குள்ளேயே இருந்தார்கள். விமானியும் அந்த மூவரில் ஒருவர். சட்டைக் காலரையும் சிகரெட் பெட்டியையும் தேடிப் போன குழுக்களிடம் சேற்றை இறைத்து விமானத்தை மேலே கொண்டுவரும் வசதி கிடையாது. கல்லறை இல்லாத விமானப் படையினருக்காக 1953-இல் ரன்னிமீடில் நினைவகம் திறந்தார்கள். அதில் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு இந்த மூன்றும் சேர்ந்தன. கோப்பு மூடப்பட்டது.

குடும்பத்தில் மூடவில்லை. விமானியின் மருமகன் ஒருவர், பார்த்தேயிராத மாமாவைத் தேடத் தொடங்கினார். தேடல் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்பதை இந்த எட்டு வாரங்களில் பார்த்துவிட்டோம். தாயும் தந்தையும் தந்தியைப் பிடித்துக்கொண்டு வாயடைத்துப் போகிறார்கள். கூடப் பிறந்தவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளை சுவரில் மாட்டிய சீருடைப் படத்தைக் காட்டி, “இவர் எங்கே?” என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கூச்சம் கிடையாது, அதனால்தான் அது வெகுதூரம் போகிறது.

அந்த மருமகனின் தேடலுக்குத் துணையாக வந்தவர் கார்ல் கியார்ஸ்கார்ட் என்ற கனடிய விமானி. ஹாலிஃபாக்ஸ் விமானங்களை மீட்பதைத் தன் வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். பெல்ஜியத்து விமான வரலாற்று ஆர்வலர்கள் கைகொடுத்தார்கள். 1997 செப்டம்பரில் தோண்டினார்கள். காற்றுப் புகாத சேறு பொருட்களைக் கெடவிடாது. உலோகம், தோல், துணி எல்லாம் தரையின் மேல் கிடப்பதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். ஐம்பத்து மூன்று வருடம் மறைத்து வைத்திருந்த அதே சேறுதான் காப்பாற்றியும் வைத்திருந்தது. மூவரும் கிடைத்தார்கள்.

1997 நவம்பர் 10 அன்று, முழு ராணுவ மரியாதையோடு, கெரார்ட்ஸ்பெர்கன் கல்லறையில் அவர்களை அடக்கம் செய்தார்கள். மற்ற ஐவரும் 1944 முதல் அங்கேதான் இருக்கிறார்கள்.

தோண்டிய விதம், சேற்றிலிருந்து வந்த உலோகம், அதில் ஒரு பகுதி அலுமினியக் கட்டிகளாக உருகி லண்டன் கிரீன் பார்க்கிலுள்ள ஒரு நினைவுச் சின்னத்தின் கூரையில் போய்ச் சேர்ந்த கதை எல்லாம் இந்த வாரமே எழுத நினைத்திருந்தேன். காலர் இடத்தை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு உரிமை உண்டு. கூரை அடுத்த வாரம்.

அதற்குள் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்திலிருந்தும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போரில் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. பர்மாவில் தவுக்யான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவகத்தில் மட்டும் கல்லறை கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் இந்தியப் படையினர். உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். சம்பளப் புத்தகம், மணியார்டர் ரசீது, படத்தின் பின்பக்கம், மடித்து வைத்த சட்டையின் காலர் எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது ஓர் எண் இருக்கும். வீட்டில் வயதான பெரியம்மாவோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த எண்ணையும் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.