எல்லைச் சுவர் எதைத் தடுக்கிறது?

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர் நீளும் எல்லையில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான தொலைவுக்கு இரும்புத் தூண் வேலியோ வேறு தடுப்போ எழுப்பப்பட்டுள்ளது. சட்டத்துக்குப் புறம்பான நுழைவை இத்தகைய தடுப்பு நிறுத்துமா என்ற கேள்விக்கு, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1994 அக்டோபரில் தொடங்கிய ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ நடவடிக்கையின் விளைவுகளே இன்றளவும் தெளிவான சான்றாக உள்ளன.

வேலி, மின்விளக்கு, கூடுதல் காவலர் ஆகிய மூன்றும் ஒருசேரப் பயன்படுத்தப்பட்டதால், எல்லைக் காவலின் சான் டியேகோ பிரிவில் ஓராண்டில் பிடிபட்டோரின் எண்ணிக்கை 1994இல் இருந்த 4,50,000இலிருந்து 2000இல் சுமார் 1,52,000 ஆகச் சரிந்தது. அதே காலத்தில் அரிசோனாவின் டூசான் பிரிவில் அது 1,39,000இலிருந்து 6,16,000 ஆக உயர்ந்ததோடு, தென்மேற்கு எல்லை முழுவதற்குமான தொகையும் சுமார் 9,79,000இலிருந்து 16,40,000ஐத் தாண்டியது. ஒருவரே பலமுறை பிடிபடக்கூடும் என்பதாலும், காவலர் பெருகினால் பிடிபடுவோரும் பெருகலாம் என்பதாலும் இவ்வெண்களை எல்லை கடந்தோரின் எண்ணிக்கையாகக் கொள்ள இயலாது. எனினும் மக்கள் வழி மாறிச் சென்றனர் என்பதில் ஐயமில்லை.

அவர்கள் சென்ற வழி கொடியது. நகர்ப்புறங்களை அடைத்துவிட்டால் பாலைவனமே அரணாக நின்று மக்களைத் திருப்பிவிடும் என்று திட்டமிட்டோர் கணித்திருந்தனர். மக்களோ கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சோனோரா பாலைக்குள் நடந்தனர். 2000 முதல் தெற்கு அரிசோனாவில் மட்டும் ஆயிரக்கணக்கானோரின் உடல்களும் எலும்புகளும் மீட்கப்பட்டுள்ள நிலையில், சுவரின் பயனை அளக்கும் எவரும் அந்த உயிர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது.

எதிர்பாராத மற்றொரு விளைவைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி ஆராய்ந்துள்ளார். பருவகால வேலைக்கு வந்து ஊர் திரும்பும் வழக்கமுடைய மெக்சிகோ தொழிலாளர்கள், ‘கொயோட்டே’ எனப்படும் ஆள்கடத்தல் தரகர்களின் கட்டணமும் வழியின் ஆபத்தும் ஏறியபின் திரும்பிச் செல்ல அஞ்சி, குடும்பத்தையும் வரவழைத்து அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர் என்பது அவரது முடிவு. வருவோரைத் தடுக்க எழுந்த ஏற்பாடு, போகவிருந்தோரையும் உள்ளேயே நிறுத்திவிட்டது.

சுவரால் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. எல்லையிலிருந்து சில நிமிடங்களில் கூட்டத்தில் கலந்துவிடக்கூடிய நகர்ப்புறத்தில், அது காவலர் வந்துசேரும்வரை தாமதத்தை உண்டாக்குகிறது. காவலரில்லாத இடத்திலோ ஒன்பது மீட்டர் உயரத் தூண்களும் ஏணிக்கும் ரம்பத்துக்கும் ஈடுகொடுப்பதில்லை. எகிப்து எல்லையில் இஸ்ரேல் சுமார் 240 கிலோமீட்டருக்கு வேலி அமைத்தபின், 2011இல் ஏறத்தாழ 17,000 ஆக இருந்த ஆப்பிரிக்கர் வருகை 2013இல் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது உண்மை. ஆனால் அவ்வெல்லை அமெரிக்க எல்லையைவிட மிகக் குறுகியதாகவும், படையினரின் தொடர்ந்த கண்காணிப்பில் உள்ளதாகவும் இருப்பதுடன், நுழைந்தோரை நெடுங்காலம் சிறைவைக்கும் சட்டமும் 2012இல் அங்கு இயற்றப்பட்டது.

தாயகத்தின் கொடுமைக்கு அஞ்சி வந்து வேறொரு நாட்டில் புகலிடம், அதாவது பாதுகாப்பு, கோருவோரிடம் சுவருக்கு வேலை குறைவு. எல்லையாக ஓடும் ஆற்றின் வெள்ளப்போக்கை மறிக்கும் கட்டுமானங்களை மெக்சிகோவுடனான 1970ஆம் ஆண்டு ஒப்பந்தம் தடுப்பதால், டெக்சாஸில் வேலியின் பெரும்பகுதி ரியோ கிராண்டே ஆற்றின் கரையிலிருந்து விலகியே நிற்கிறது. ஆற்றைக் கடந்தவர் வேலியை அடையுமுன்பே அமெரிக்க மண்ணில் நின்று காவலரிடம் தாமாகச் சரணடைகிறார். முறையான விசாவில் வந்து, காலக்கெடு முடிந்தும் தங்கிவிடுவோருக்கோ சுவர் ஒரு பொருட்டே அன்று.

அண்மைய எண்களும் இதையே காட்டுகின்றன: தென்மேற்கு எல்லையில் 2023 டிசம்பரில் ஏறத்தாழ 2,50,000 ஆக இருந்த மாதாந்தரக் கைது எண்ணிக்கை, 2024 செப்டம்பரில் சுமார் 54,000 ஆகக் குறைந்தது. மெக்சிகோ தன் நிலப்பரப்பிலேயே பயணிகளை மறித்ததும், ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசு புகலிட விதிகளைக் கடுமையாக்கியதுமே அதற்கு முதன்மைக் காரணங்கள்; சுவரின் நீளம் அந்த ஒன்பது மாதங்களில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.