நின்றே கெட்ட லாரி

பழைய ராணுவ டீசல் லாரியை ஏலத்தில் எடுத்து வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்க்கும் அமெரிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை முதன்முறையாகக் கிளப்பும்போது, காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆளை ஒட்டுப்பலகைத் துண்டோடு நிறுத்திவைப்பார்கள். பலகைக்கு வேலை வராமல் இருந்தால் நல்லது. அது எதற்கு என்பதற்குப் பிறகு வருவோம்.

இப்படி முற்றங்களுக்கு வந்து சேர்ந்தவற்றில் பெயர்பெற்றது எம்35. மிச்சிகன் மாநிலத்தின் லேன்சிங் நகரில் இருந்த ரியோ மோட்டார்ஸ் வடிவமைத்தது. 1950 வாக்கில் படைக்குள் வந்து, திருத்தங்களோடு 1980-களிலும் தயாரிப்பில் இருந்தது. பத்து சக்கரம், மூன்று அச்சு, மூன்று அச்சுக்கும் எஞ்சின் இழுப்பு. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் வீரர்கள் ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்றே கூப்பிட்டார்கள். சீட்டுக்கட்டில் இரண்டாம் எண் சீட்டுக்கு டியூஸ் என்று பெயர். நல்ல சாலையில் இதே வண்டி ஐந்து டன் வரை ஏற்றும். ராணுவக்காரர்கள் கணக்கில் கஞ்சர்கள்.

படை கழித்துவிட்ட பிறகு விவசாயிகளும், ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும், வாரக் கடைசியில் கை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படுபவர்களும் இவற்றை வாங்கினார்கள். பல வண்டிகள் மழையிலும் பனியிலும் வருஷக்கணக்கில் அப்படியே நின்றன. ஓடித் தேய்ந்த வண்டியைப் படிப்பது எளிது: எங்கே உராய்வு உண்டோ அங்கே தேய்மானம் இருக்கும். நின்று கெட்ட வண்டி வேறு ரகம். அதைக் கெடுத்தது தண்ணீர். தண்ணீர் டேங்கில் ஒரு மாதிரி வேலை செய்யும், பிரேக் குழாயில் வேறு மாதிரி.

டேங்கிலிருந்து தொடங்குவோம். எம்35-ன் டேங்க் சுமார் 190 லிட்டர் கொள்ளும். அரைகுறையாக நிரம்பிய டேங்க் மூச்சு விடும். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கி, ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அந்த ஈரம் தகரச் சுவரில் வியர்த்து அடிக்கு இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அங்கேயே தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் குடியேற ஒரு பூஞ்சை காத்திருக்கிறது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்று பெயர். மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் சொல்வார்கள். ஈரத்தைத் தண்ணீரிலிருந்தும் சாப்பாட்டை டீசலிலிருந்தும் எடுத்துக்கொண்டு, கறுத்த பாசி போன்ற சவ்வாக வளரும். அது கழிக்கும் அமிலம் டேங்கை அரிக்கும். சவ்வு பிய்ந்து ஃபில்டரை அடைக்கும். லாரியில் ஃபில்டர்கள் வரிசையாக இருக்கின்றன, அடியில் தண்ணீரை வடித்துவிடத் திருகுகளும் உண்டு. ஆனால் அந்தத் திருகை அன்றாடம் திறக்க ஓர் ஆள் இருப்பான் என்று நம்பி வைத்த ஏற்பாடு அது. ஆள் போய்விட்டான், தண்ணீர் மட்டும் மிச்சம். அதனால் டேங்கை இறக்கி, கொட்டி, கழுவிய பிறகுதான் மற்ற வேலை.

அசுத்தம் ஃபில்டரைத் தாண்டிவிட்டால் போய்ச் சேரும் இடம் டீசல் பம்ப். எம்35ஏ2 ரகத்தில் அமெரிக்கன் போஷ் தயாரித்த பம்ப் இருக்கிறது. ஆறு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர். அது மேலும் கீழும் போய்க்கொண்டே சுழன்று, முறை வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும். பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் இடையிலான சந்து இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு இறுக்கம் இருந்தால்தான் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வரும். பழைய டீசல் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி அந்தச் சந்தில் உறைந்தால், பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளும். அவசரக்காரர்கள் செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று முறியும். மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, நாள்கணக்கில் காத்திருந்து, கையால் மெதுவாக அசைப்பதே வழி. பிஸ்டன் ரிங்குகள் துருவேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டாலும் இதே வைத்தியம்.

எஞ்சினுக்குள் இருக்கும் கதை இன்னும் சுவையானது. போர்க்களத்தில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல்தான் கிடைத்தது என்றால் என்ன செய்வது? பனிப்போர்க்காலப் படைகளுக்கு இது உண்மையான கவலை. சாதாரண டீசல் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றினால் சரியாகப் பற்றாது. பற்றினால் ஒரேயடியாக வெடித்து பிஸ்டனைச் சம்மட்டியால் அடித்ததுபோல் அடிக்கும். 1950-களில் ஜெர்மனியின் மான் நிறுவனப் பொறியாளர் சீக்ஃப்ரீட் மோய்ரர் வேறு மாதிரி யோசித்தார். பிஸ்டனின் தலையிலேயே உருண்டையான ஒரு குழியைக் குடைந்தார். எரிபொருளை அந்தரத்தில் தூவாமல், பெரும்பகுதியைக் குழியின் சூடான சுவரில் படலமாகப் பூசும்படி பீய்ச்சினார். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல. சிறு துளி மட்டும் காற்றில் பற்றித் தீயைத் தொடங்கிவைக்கும். சுவரிலிருப்பது ஆவியாக ஆவியாக, சுழலும் காற்றில் கலந்து வரிசையாக எரியும். வெடிப்பு தணிந்து எஞ்சின் சத்தமும் குறைந்ததால், ஜெர்மனியில் இதைக் கிசுகிசு எஞ்சின் என்றே அழைத்தார்கள்.

இந்த யோசனையைத் தழுவி அமெரிக்காவில் கான்டினென்டல் நிறுவனம் உருவாக்கியதுதான் எம்35ஏ2-வின் 7.8 லிட்டர் ‘மல்டிஃப்யூவல்’ எஞ்சின். சுமார் 22 மடங்கு காற்றை நெருக்கும். அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், தட்டுப்பாட்டில் பெட்ரோல், எதுவும் பற்றும். எரிபொருளுக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு தனிக் கருவியும் பம்பில் உண்டு. வயசானால் அதிலிருந்துதான் முதல் கசிவு. அதைக் குறுக்கே தாண்டிக் குழாய் போட்டுவிடும் உரிமையாளர்கள் ஏராளம். எது ஊற்றினாலும் ஓடும் என்று கேள்விப்பட்டு, பழைய எஞ்சின் ஆயிலையும் ஓட்டல் எண்ணெயையும் ஊற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். மேலே சொன்ன மூன்று மைக்ரான் சந்து பொறுத்துக்கொள்ளாது என்பது என் கட்சி.

மான் நிறுவனத்தோடு இந்தியாவுக்கும் உறவு உண்டு. நம் ராணுவத்தின் சக்திமான் லாரி, அந்த நிறுவனத்தின் உரிமம் பெற்று 1950-களின் இறுதியிலிருந்து ஜபல்பூரில் தயாரானது.

வண்டி ஓடுவதைவிட நிற்பது முக்கியம் என்பதால் பிரேக்குக்கு வருவோம். மிதியை அழுத்தினால் குழாயில் எண்ணெய் நகரும். அந்த அழுத்தத்தை ஓர் அமுக்கக்காற்றுக் கருவி பெருக்கிக்கொடுக்கும். ஏ2 வண்டிகளில் பொதுவாக ஆறு பிரேக் டிரம்முக்கும் ஒரே சுற்று எண்ணெய்தான். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. மீதமிருப்பது பின்னச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கும் கை பிரேக் மட்டும். சாதாரண பிரேக் எண்ணெய் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் சுமார் 3.7 சதவீதம் சேர்ந்ததும் தரம் கேட்கும் அளவு 140-தான். இறக்கத்தில் டிரம் காய்ந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை சிலிகோன் எண்ணெய்க்கு மாறியது. அது ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீர் கரைய இடமில்லாமல் முத்துமுத்தாகத் திரண்டு, தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்து அங்கேயே குழி பறிக்கும். அதனால் எந்த எண்ணெய் இருந்தாலும், நெடுநாள் நின்ற வண்டியில் ஆறு டிரம்மையும் கழற்றாமல் தெருவில் இறக்குவது பைத்தியக்காரத்தனம்.

கழற்றப்போகும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. இடப்பக்கச் சக்கரங்களின் போல்ட்டில் இடது மரை. சுழலும் சக்கரம் நட்டைத் தானே தளர்த்திவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தெரியாதவர் வழக்கமான பக்கம் திருகி, அசையவில்லை என்று ஆறடிக் குழாயை மாட்டித் தொங்கி, மேலும் இறுக்கிக்கொண்டே போவார். கடைசியில் போல்ட் முறிந்து விழும். போல்ட் முனையில் ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்தவை. அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும், கம்பியில் வீணாகும் வெப்பம் நாலில் ஒன்றாகும். விளக்கு எரியவில்லையென்றால் பல்பைச் சந்தேகிப்பதற்கு முன் எர்த் போல்ட்டின் துருவைச் சுரண்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் பட்டறை அனுபவமே இல்லாத இளம் சிப்பாய்களும் செய்தார்கள். கையேடுகள் படிநிலை பிரித்தவை: ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒரு புத்தகம், படைப்பிரிவு மெக்கானிக் செய்ய வேண்டியது இன்னொன்று. கையேடு படிக்காதவனுக்காக 1951-ல் ‘பிஎஸ்’ என்ற மாத இதழை ராணுவம் தொடங்கியது. அதன் படங்களை வரைந்தவர் காமிக்ஸ் மேதை வில் ஐஸ்னர். கிரீஸ் போடுவது எப்படி என்பதைச் சித்திரக்கதையாகச் சொன்ன அவர், இருபது ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார்.

இப்போது கிளப்பலாம். முதலில் நிறுத்தும் கேபிளை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீசல் போகாமல் செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். ஆயில் மானி ஏறும்வரை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வறண்டு கிடக்கும் பேரிங்குக்கு எண்ணெய் எட்டியாக வேண்டும். பிறகு கேபிளை உள்ளே தள்ளி மறுபடி அடித்தால், முதலில் வெள்ளைப் புகை, ஒரு இருமல், அப்புறம் ஆறு சிலிண்டரும் ஒவ்வொன்றாகச் சேரும்.

பலகை இங்கேதான். பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைத்தும் திறந்தும் வேகத்தை ஆள்கிறோம். சாவியைத் திருப்பினால் தீப்பொறி நின்று எஞ்சின் அணையும். இந்த டீசல் எஞ்சினில் காற்றுவழி எப்போதும் திறந்தேயிருக்கும், தீப்பொறி என்பதே இல்லை. பம்பில் டீசலை அளவிட வேண்டிய பாகம் பிசினில் ஒட்டி, முழு டீசல் விடும் நிலையில் மாட்டிக்கொண்டாலோ, டர்போ சீல் கசிந்து எஞ்சின் தன் ஆயிலையே குடிக்கத் தொடங்கினாலோ, 2,600 சுற்றுக்குக் கட்டுப்பட வேண்டிய எஞ்சின் அதைத் தாண்டி ஓலமிட்டு ஏறும். சுவிட்சை அணைத்துப் பயனில்லை. ஆயில் எரிகிறது என்றால் கேபிளும் உதவாது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். அதனால்தான் காற்றுக்குழாயை முன்கூட்டியே கழற்றி, டர்போவின் வாயைத் திறந்துவைத்து, பலகையோடு ஆள் நிற்கிறார். உள்ளங்கையை வைக்கவே கூடாது. அந்த உறிஞ்சல் கையைக் கொண்டுபோய்விடும்.

பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எஞ்சின் ஐந்து நிமிஷம் ஓடும், முற்றமெல்லாம் புகை. கேபிளை இழுத்ததும் அது அடங்க, டர்போ மட்டும் கொஞ்ச நேரம் விசில் அடித்து ஓயும். பலகைக்காரர் பலகையைப் போட்டுவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்க்க லாரிக்கு அடியில் புகுவார்.