தேவாலயம் கழற்றிப் போட்டவை

ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் பின்புறம் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: வழிபாட்டுக்கு உரியவற்றைப் பெயர்த்து வந்து கண்ணாடிக்குள் அடைத்துவிட்டார்கள் என்று. ஆனால் பெயர்த்த கை பெரும்பாலும் பேராலயத்தைச் சேர்ந்தவர்களுடையதே. 1296-ல் கட்டுமானம் தொடங்கியபோது அதைக் கவனிக்க ஏற்பட்ட திருப்பணிக் குழுவுக்குப் பட்டறையும் கிடங்கும் தேவைப்பட்டன. இன்றைய அருங்காட்சியகம் நிற்பது அந்தப் பட்டறை வளாகத்தில்தான்; மைக்கலாஞ்சலோ தாவீது சிலையைச் செதுக்கியதும் அங்கேதான். கட்டடக் கலைஞர் அர்னோல்ஃபோ தொடங்கி வைத்த பேராலய முகப்பு நூற்றாண்டுகளாக முடியாமலே நின்றது. அது பழைய பாணி என்று தோன்றியதும் 1587-ல் நகரை ஆண்ட மெடிச்சிகள் இடித்துத் தள்ளினார்கள், சிலைகள் சிதறின. லூக்கா தெல்லா ராபியாவும் தொனாத்தெல்லோவும் செய்த இரண்டு பாடகர் மாடங்களை 1688-ல் இறக்கியதற்குக் காரணம், ஓர் அரச திருமணம்! அவற்றின் பளிங்குப் பலகைகளை மறுபடி ஒன்றுசேர்த்து வைக்க இடம் தேடியதன் விளைவாகவே 1891-ல் அருங்காட்சியகம் திறந்தது. ஆக, முதலில் உள்ளே வந்தவை ஏற்கெனவே வீடிழந்த பொருள்கள்.

கதவுகள் விஷயம் வேறு. அவை தம் இடத்திலேயே இருந்தவை. பேராலயத்துக்கு எதிரே உள்ள ஞானஸ்நானக் கூடத்துக்காகச் சிற்பி கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவை ஏன் எடுக்க வேண்டும்? முலாமுக்கு அடியில் வெண்கலத்தின் மேல் உப்புகள் படிகின்றன. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது அவை கரைந்து, மறுபடி படிகமாகி, மெல்லிய பொன்னைக் கீழிருந்து முட்டித் துளைக்கின்றன. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் இது நிற்காது. 1966 வெள்ளத்தில் பலகைகள் சில பெயர்ந்தே விழுந்தன. 1990-ல் மூலத்தை எடுத்துவிட்டுப் பிரதியை மாட்டினார்கள். சீரமைப்பு 2012 வரை நீண்டது. பிரதியின் முன் நிற்பது ஏமாற்று என்பவர்கள், மூலம் அங்கேயே இருந்திருந்தால் பொன் எத்தனை காலம் தாங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டும்.

2015-ல் பெரிதாக்கித் திறந்தபோது, இடித்த முகப்பைப் பழைய ஓவியம் ஒன்றின் துணையோடு முழு அளவில் உள்ளே எழுப்பி, அர்னோல்ஃபோவின் சிலைகளை அவற்றின் இடத்தில் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கண் பதித்த மரியாள் உட்பட அவற்றை எதற்காகச் செதுக்கினார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. இறந்த இயேசுவைத் தாங்கும் காட்சியைக் காட்டும் மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிற்பத்துக்கு மட்டும், காக்கவே உள்ளே கொண்டுவந்தார்கள் என்ற வாதம் முழுதாகப் பொருந்தாது. தன் கல்லறைக்கென்று அவர் தொடங்கிய அது, 1981 வரை பேராலயத்துக்குள்ளேயே இருந்தது; அதை அரித்த உப்பும் இல்லை, ஈரமும் இல்லை. பலிபீடம்போல ஒரு மேடை அமைத்து இப்போது வைத்திருக்கிறார்கள். அதில் எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதல்.