ட்ரிப்ஸ் பாட்டிலில் பால் மாதிரி ஏறுவது என்ன? நோயாளியின் வீட்டார் தெரிஞ்சுக்க வேண்டியது

உச்சிப்புளியில் பஸ் ஏறி, ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஐசியூவில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறீர்கள். அங்கே வழக்கமான குளுக்கோஸுடன், பால் மாதிரி வெள்ளையாக இன்னொரு பாட்டிலும் தொங்குகிறது. "பாலையா நரம்புல ஏத்துறாங்க?" என்று பதற்றம் வரத்தான் செய்யும்.

அது பால் இல்லை, எண்ணெய். பெரும்பாலும் சோயா எண்ணெய். முட்டை மஞ்சள் கருவில் இருந்து எடுத்த பொருளைச் சேர்த்து, தண்ணீரோடு பிரியாதபடி கலந்திருப்பார்கள். ஒவ்வொரு எண்ணெய்த் துளியும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதனால்தான் ரத்தக்குழாயை அடைப்பதில்லை.

யாருக்கு இது? குடல் வேலை செய்யாதவர்களுக்கு. குடலில் அடைப்பு, ஓட்டை, பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்கள், குறைமாதக் குழந்தைகள். வாய் வழியோ மூக்குக் குழாய் வழியோ போதுமான சாப்பாடு கொடுக்க முடிந்தால் இது தேவையில்லை. 'அசதியா இருக்கு, ஒரு பாட்டில் போடுங்க' என்று கேட்கிற விஷயமே இல்லை.

சரி, குளுக்கோஸ் போதாதா? 5% குளுக்கோஸ் 500 மில்லியில் 100 கலோரிகூட கிடையாது. 20% கொழுப்புத் திரவம் 250 மில்லியில் சுமார் 500 கலோரி கிடைக்கும். தவிர, சில கொழுப்பு அமிலங்களை உடம்பு தானாகத் தயாரிக்காது.

முன்பு பருத்திவிதை எண்ணெயில் செய்து பார்த்தார்கள். காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு என்று பிரச்னை வர, கைவிட்டார்கள். ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் உருவாக்கிய 'இன்ட்ராலிப்பிட்' 1962-ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் இது பாதுகாப்பான வழியானது.

நம்ம கடலோர மக்கள் ஒன்றைக் கவனிக்கணும். இப்போது வரும் சில வகைகளில் மீன் எண்ணெயும் உண்டு. மீன், முட்டை, சோயா ஒத்துக்காதவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீன் ஊரில் பிறந்துவிட்டு மீன் சேராதுன்னு சொல்ல கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, 'சீக்கிரம் முடியட்டும்' என்று ட்யூபில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பாதீர்கள். இது மணிக்கணக்கில் மெதுவாக ஏற வேண்டியது. வேகமாக ஏறினால் ரத்தத்தில் கொழுப்பு கூடி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வரை போகலாம். அடிக்கடி ரத்தம் எடுப்பதும் இதைப் பார்க்கத்தான். கொழுப்பு கூடினால் வேகத்தைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். பாட்டிலில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.